சேமித்த நீர் எங்கே போகிறது?

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் வேளாண் கடன் அலுவலராக நான் பணியாற்றிய நான்கு ஆண்டுகளில், சொட்டு நீர்ப் பாசனத்துக்கான கடன் விண்ணப்பங்கள் பலவற்றைப் பரிந்துரைத்திருக்கிறேன். வற்றாத ஆறு ஒன்றும் பாயாத மாவட்டம் அது. முன்னோர் வெட்டிய ஏரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தும், உழவர்கள் அவற்றை நம்பியிருந்த காலம் கடந்துவிட்டிருந்தது. தக்காளியும் மல்பெரியும் காய்கறிகளும் ஆழ்துளைக் கிணறுகளைக் கொண்டே விளைந்தன. ஆயிரம் அடிக்குக் கீழே போய்த் தண்ணீர் தேடுவது அங்கே வியப்புக்குரிய செய்தியன்று. அத்தகைய மண்ணில், நீரைச் செடியின் வேருக்கே கொண்டு சேர்க்கும் கருவியை அரசு மானியத்தில் தருகிறது என்றால், அதைவிட நல்ல கடன் வேறு உண்டா என்றே நாங்கள் எண்ணினோம்.

2008-ஆம் ஆண்டில் எங்கள் கிளைக்கு வந்த ஓர் உழவரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். அவருக்கு நாலரை ஏக்கர் நிலம். அதில் இரண்டு ஏக்கரில் மட்டும் வாய்க்கால் வழியே நீர் பாய்ச்சித் தக்காளி பயிரிட்டுவந்தார்; மீதி நிலத்தில் மழையை நம்பிக் கேழ்வரகு விதைப்பார். சொட்டு நீர்க் கருவிகளுக்கான செலவில் பெரும்பகுதியை மானியம் ஏற்றது. எஞ்சியதற்கு நாங்கள் கடன் வழங்கினோம். முதல் பருவத்திலேயே விளைச்சல் கூடியது, களை குறைந்தது, உரச்செலவும் இறங்கியது. மோட்டார் ஓடவேண்டிய நேரம் ஏறத்தாழப் பாதியாயிற்று. தவணைகளை நாள் தவறாமல் கட்டினார். மேலதிகாரிகள் வந்தபோதெல்லாம் அவர் தோட்டத்துக்கே அழைத்துச் சென்று காட்டினேன்.

இரண்டாம் ஆண்டில் அவர் செய்தது, அவரிடத்தில் யார் இருந்தாலும் செய்திருக்கக்கூடியதே. மிச்சமான நேரத்திலும் மோட்டாரை ஓட்டினால் எஞ்சிய இரண்டரை ஏக்கருக்கும் நீர் பாயுமே என்று குழாய்களை நீட்டினார். கேழ்வரகு இருந்த இடத்திலும் தக்காளி வந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் அவரைப் பார்த்து அவ்வாறே செய்தனர். மூன்றாம் கோடையில் அவருடைய ஆழ்துளைக் கிணறு வற்றியது. அடுத்தடுத்துப் போட்ட இரண்டு துளைகளிலும் புழுதிதான் வந்தது. அவற்றுக்கான பணத்தை எங்களிடம் கேட்காமல் வெளியே வட்டிக்கு வாங்கியிருந்தார். தவணைகள் தவறியபின் கிளைக்கு வந்தவர், "குழாய் நல்ல குழாய்தான் சார், அதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே விடத்தான் தண்ணீர் இல்லை" என்றார்.

அன்று மாலை அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். மானியம் உரிய வகையில் செலவிடப்பட்டதற்கான சான்று, கருவிகள் பொருத்தப்பட்டதைக் காட்டும் நிழற்படம், ஆய்வறிக்கையில் என் கையொப்பம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கோப்பின்படி அத்திட்டம் வெற்றி பெற்றுவிட்டது. கிணற்றில் நீர் எத்தனை அடியில் இருக்கிறது, முந்தைய ஆண்டு எத்தனை அடியில் இருந்தது என்ற கேள்வி மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. அதைக் கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஓய்வு பெற்றபின் இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாசனத்துக்காக அரசு தரும் உதவி இன்று முன்னெப்போதையும்விடப் பெரியது. அது தொடரவேண்டும், கூடவும் வேண்டும். ஆனால் அந்த உதவி குழாய்களையும் குட்டைகளையும் மோட்டார்களையும் எண்ணிக்கொண்டிருக்கும் வரையில், நிலத்தடியில் நீர் மிஞ்சும் என்பதற்கு உறுதி இல்லை. மானியத்தின் அளவுகோல் மாறவேண்டும் என்பதே என் கருத்து.

உதவி எவ்வளவு பெரியது?

பிரதமரின் வேளாண் பாசனத் திட்டம் 2015-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்டது. பெரிய அணைத் திட்டங்களை விரைந்து முடிப்பது, ஒவ்வொரு வயலுக்கும் நீர் கொண்டுசெல்வது, நீர்வடிப்பகுதி மேம்பாடு, நுண்ணீர்ப் பாசனம் என்று பல கிளைகள் கொண்டது அது. 2021 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்தை 2025-26 வரை நீட்டித்து, 93,068 கோடி ரூபாய் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் அளித்தது. நுண்ணீர்ப் பாசனத்தில் சிறு, குறு உழவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட செலவில் 55 சதவீதமும், மற்றவர்களுக்கு 45 சதவீதமும் மானியம் உண்டு. பல மாநிலங்கள் தம் பங்குக்கு மேலும் சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கின்றன.

இவற்றோடு, மாநிலங்கள் நுண்ணீர்ப் பாசனப் பரப்பைப் பெருக்கக் கடன் பெறும் வகையில் நபார்டு வங்கியில் 5,000 கோடி ரூபாய் நிதியம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் சூரிய மின்சக்தி பம்புசெட்டுகளுக்கு மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமும் தருகின்றன. உழவர் ஏற்கவேண்டிய 40 சதவீதத்தில் பெரும்பகுதியை வங்கிக் கடனாகப் பெறலாம்.

இந்த உதவிகளால் நன்மை விளையவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சொட்டு நீரில் விளைச்சல் கூடுகிறது; உரத்தை நீரோடு கலந்தே கொடுக்க முடிகிறது; கூலியாள் செலவு குறைகிறது. நள்ளிரவில் மின்சாரம் வரும்போது மடை திருப்ப எழுந்து போகவேண்டிய துன்பம் பல குடும்பங்களுக்கு நீங்கியிருக்கிறது. இவையெல்லாம் உழவரின் வருமானத்துக்கும் வாழ்வுக்கும் கிடைத்த பயன்கள். நீருக்குக் கிடைத்த பயன் எவ்வளவு என்பது தனிக் கேள்வி.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் அவ்வாண்டில் ஏறத்தாழ 24,100 கோடி கனமீட்டர் நீர் நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் 87 சதவீதம் பாசனத்துக்குச் சென்றது. மதிப்பிடப்பட்ட 6,553 வட்டாரங்களில் 736 வட்டாரங்கள், ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவைவிட அதிகமாக நீரை உறிஞ்சுகின்றன. பஞ்சாபில் இந்த விகிதம் 160 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது, 100 ரூபாய் வரவுள்ள குடும்பம் ஆண்டுதோறும் 160 ரூபாய்க்கு மேல் செலவிட்டு, பழைய வைப்புத்தொகையிலிருந்து பற்றாக்குறையை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. இத்தகைய கணக்கு எங்கே போய் முடியும் என்பதை வங்கி வாடிக்கையாளர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மிச்சம் ஏன் மிஞ்சுவதில்லை?

கோலார் உழவரின் தோட்டத்துக்கே திரும்புவோம். இரண்டு ஏக்கருக்கு வாய்க்காலில் நீர் பாய்ச்சியபோது மோட்டார் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடியது என்று கொள்வோம். அந்நீரில் ஒரு பகுதியைத்தான் பயிர் குடித்தது. ஒரு பகுதி ஆவியாயிற்று. மற்றொரு பகுதி மண்ணுக்குள் இறங்கிச் சிறிது சிறிதாக நிலத்தடிக்கே திரும்பியது. அதை நாம் வீண் என்றோம். அவ்வீணில் ஒரு பங்கு அவருடைய கிணற்றுக்கோ அண்டை வீட்டாரின் கிணற்றுக்கோ மீண்டும் ஊற்றாக வந்துகொண்டிருந்தது.

சொட்டு நீர் வந்தபின் அதே இரண்டு ஏக்கருக்கு மூன்று மணி நேரமே போதுமானதாயிற்று. அத்துடன் நின்றிருந்தால் நிலத்தடிக்கு மிச்சம் உண்டு. ஆனால் நாலரை ஏக்கருக்கும் குழாய் நீண்டபோது மோட்டார் பழையபடி ஆறு மணி நேரம் ஓடியது. எடுத்த நீரின் அளவு குறையவில்லை. மண்ணுக்குத் திரும்பிய நீரோ ஏறத்தாழ நின்றுபோயிற்று. முன்பு இரண்டு ஏக்கர் பயிர் குடித்த இடத்தில் இப்போது நாலரை ஏக்கர் பயிர் குடித்தது. ஆகவே நிலத்தடியிலிருந்து நிலையாக வெளியேறிய நீர் கூடியது. கருவி சரியாகவே வேலை செய்தது. அதனாலேயே கிணறு விரைவில் வற்றியது.

இது ஓர் ஊரில் மட்டும் நேர்ந்த விபத்தன்று. பாசனத் திறன் கூடும்போது மொத்த நீர்ப் பயன்பாடு குறைவதற்கு மாறாகப் பலவிடங்களில் கூடுகிறது என்பதைப் பல நாடுகளின் அனுபவங்களைக் கொண்டு அறிஞர் குழு ஒன்று 2018-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் எடுத்துக்காட்டியது. எடுக்கும் நீருக்கு அளவும் வரம்பும் இல்லாத இடத்தில், திறன்மிக்க கருவி கூடுதல் சாகுபடிக்கே வழிவகுக்கும் என்பது அதன் சாரம்.

பண்ணைக் குட்டைகளிலும் இதே கதையைக் காணலாம். மகாராட்டிரத்தில் 2016-இல் கேட்பவர்க்கெல்லாம் பண்ணைக் குட்டை என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஓடிப்போகும் மழைநீரைத் தேக்கி, மழை பொய்க்கும் வாரங்களில் பயிரைக் காப்பதே குட்டையின் நோக்கம். ஆனால் தோட்டப் பயிர்கள் மிகுந்த பகுதிகளில் பலர் குட்டையின் அடியில் நெகிழித் தாள் விரித்து, கிணற்று நீரை இறைத்து அதில் நிரப்பிவைத்தனர். நிலத்துக்குள் வெயில் படாமல் கிடந்த பொதுநீர், கோடை வெயிலில் ஆவியாகும் தனிநீராயிற்று. குட்டைகளின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறியது. முதலில் இறைத்துக்கொள்ள வசதியில்லாதவரின் கிணற்றிலோ நீர் இறங்கியது.

பஞ்சாபில் சிக்கல் வேறு வகையானது. அங்கே 1997 முதல் பாசன மின்சாரம் இலவசம். நெல்லுக்கு உறுதியான கொள்முதலும் குறைந்தபட்ச ஆதரவு விலையும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து, இயல்பாகவே நெல்லுக்குரியதல்லாத மண்ணை நெல்வயலாக்கின. கடுங்கோடையில் நாற்று நடுவதைத் தடுக்க 2009-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. நடவு நாள் தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்கு இடைவெளி சுருங்கியது. வைக்கோலை எரிப்பது அக்டோபர் இறுதி, நவம்பர் மாதங்களில் குவிந்தது. ஒரு கையால் நெல்லுக்கு விலையும் இலவச மின்சாரமும் கொடுத்துக்கொண்டே மறு கையால் நீரைச் சேமிக்கச் சொல்லும்போது, உழவர் எந்தக் கையைப் பார்ப்பார்? அவர்மீது குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

கணக்கு வைத்த ஊர்கள்

வேறு வழி இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. மகாராட்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில், இன்று அகில்யாநகர் எனப் பெயர் மாறியுள்ள பகுதியில், ஹிவ்ரே பஜார் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 400 மி.மீ. அளவே மழை பெறும் வறண்ட ஊர். 1980-களில் பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் பத்மஸ்ரீ விருது பெற்ற போபட்ராவ் பவார் அங்கே ஊராட்சித் தலைவரானபின், அரசின் வேலை உறுதித் திட்ட நிதியைக் கொண்டு குன்றுகளின் சரிவில் சமமட்ட வரப்புக் குழிகளும் தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் அமைக்கப்பட்டன.

இவை பிற ஊர்களிலும் நடந்தவையே. ஹிவ்ரே பஜார் கூடுதலாகச் செய்தது, சேர்த்த நீரை எடுப்பதற்கு விதி வகுத்ததுதான். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது. கரும்பும் வாழையும் பயிரிடக்கூடாது என்று கிராம சபை முடிவு செய்தது. ஒவ்வோர் ஆண்டும் மழை முடிந்தபின் பெய்த மழையையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து, ஊருக்கு எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். முதலில் மனிதருக்கும் கால்நடைக்கும் குடிநீர். பின்பு மற்றத் தேவைகள். எஞ்சிய நீரைப் பொறுத்து எந்தப் பயிரை எவ்வளவு பரப்பில் இடுவது என்பது சபையில் முடிவாகிறது. மழை குறைந்த ஆண்டில் சாகுபடியும் குறைகிறது. வெளியேறிய குடும்பங்கள் பல ஊர் திரும்பின.

ஒரு தலைவரின் ஆற்றலால் நடந்தது, எல்லா ஊருக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். ஆந்திரப் பிரதேசத்தின் அனுபவம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. 2003 முதல் சில ஆண்டுகள், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு, வறட்சிக்குள்ளாகும் ஏழு மாவட்டங்களில் 600-க்கும் மேற்பட்ட ஊர்களில் உழவர்களே நிலத்தடி நீரைக் கணக்கிடும் திட்டம் நடந்தது. மழைமானியைப் படிப்பதற்கும், கிணற்றின் நீர்மட்டத்தையும் மோட்டார் இறைக்கும் அளவையும் குறித்துவைப்பதற்கும் ஊர்மக்களுக்கே பயிற்சி அளித்தார்கள். கணக்கு எல்லாருடைய கண்ணிலும் படும்படி ஊர்ச் சுவரில் எழுதப்பட்டது. கட்டாயமும் இல்லை, நீரைக் குறைப்பதற்குத் தனி ஊக்கத்தொகையும் இல்லை. இருக்கும் நீர் எவ்வளவு என்று தெரிந்ததும் பலர் தாமாகவே நெல்லைக் குறைத்துக் குறைந்த நீர்ப் பயிர்களுக்கு மாறினர்.

மத்திய அரசே இவ்வழியில் எடுத்து வைத்த அடி 2019 டிசம்பரில் தொடங்கப்பட்ட அடல் பூஜல் திட்டம். குஜராத், அரியானா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு மாநிலங்களின் 8,200-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்காக, உலக வங்கியின் கடனும் சேர்ந்து 6,000 கோடி ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டது. ஊர்தோறும் நீர்ப் பாதுகாப்புத் திட்டம் வகுத்தல், நிலத்தடி நீர்த் தரவுகளை மக்களுக்கு வெளியிடல், நீர்மட்டச் சரிவைக் குறைத்தல் போன்ற விளைவுகளை எட்டும் மாநிலங்களுக்கு ஊக்கநிதி என்பது இதன் சிறப்பு. பணம் பொருளுக்காக மட்டுமன்றி விளைவுக்காகவும் தரப்படும் முறை இது. நுண்ணீர்ப் பாசன மானியத்தோடு ஒப்பிட்டால் இத்திட்டத்தின் அளவு சிறிது. தமிழ்நாடு அந்த ஏழு மாநிலங்களுள் இல்லை.

மானியம் எதை வாங்கவேண்டும்?

இவற்றிலிருந்து சில முடிவுகளை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலாவதாக, எல்லா வட்டாரங்களுக்கும் ஒரே வகையான மானியம் என்ற நிலை மாறவேண்டும். நீர்வளம் பாதுகாப்பாக உள்ள வட்டாரங்களில் இன்றைய முறையே தொடரலாம். மிகையாக உறிஞ்சப்பட்ட வட்டாரங்களில், அடிப்படை மானியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குமேல் தரும் கூடுதல் பங்கை ஊரின் நீர்க்கணக்கோடு இணைக்கவேண்டும். பாசனப் பரப்பை விரிக்காமல் சொட்டு நீருக்கு மாறும் ஊருக்கு முழுப் பயனும் கிடைக்கட்டும். தனி உழவரைக் கண்காணிப்பது கடினம். ஊரின் நீர்மட்டத்தை அளப்பது எளிது. ஆகவே ஊக்கமும் ஊருக்கே உரியதாக இருக்கட்டும். அதைக் கொண்டு ஏரித் தூர்வாரலையோ தடுப்பணைப் பழுதையோ ஊராட்சி பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவதாக, இறைக்காமல் விட்ட நீருக்கும் ஒரு விலை வேண்டும். பஞ்சாப் 2018-இல் சோதனையாகத் தொடங்கிய திட்டமொன்றில், குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக மின்சாரம் செலவிடும் உழவருக்கு மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வழங்கப்பட்டது. குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி என்ற ஊரில், சூரிய மின்சக்தி பம்புசெட் வைத்துள்ள உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனத்துக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்பகிர்மான நிறுவனத்துக்கு விற்கிறார்கள். வெயில் அவர்களுக்கு இன்னொரு விளைச்சலாயிற்று. மின்கட்டமைப்போடு இணையாத சூரிய பம்பு, செலவில்லாமல் நாள் முழுதும் நீரை இறைக்கத் தூண்டும். இணைந்த பம்போ, நிறுத்தினாலும் வருமானம் தரும். குசும் திட்டத்தில் இவ்விரு வகைகளுக்கும் இடமுண்டு. நீர்மட்டம் இறங்கிய பகுதிகளில் இரண்டாம் வகைக்கே முன்னுரிமை தரவேண்டும்.

மூன்றாவதாக, பயிரை மாற்றச் சொன்னால் சந்தையையும் மாற்றித் தரவேண்டும். அரியானா 2020-இல் தொடங்கிய திட்டத்தில், நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறுவோர்க்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் அறிவித்தது. நல்ல முயற்சியே. ஆனால் நெல்லுக்குள்ள கொள்முதல் உறுதி சோளத்துக்கும் பயறுக்கும் சிறுதானியத்துக்கும் இல்லாதவரை, ஒருமுறை தரும் ஊக்கத்தொகை உழவரின் அச்சத்தைப் போக்காது. 2023-ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியதற்கு இந்தியாவே முன்னின்றது. அந்தக் கொண்டாட்டம் நியாயவிலைக் கடைகளிலும் பள்ளி உணவிலும் நிலையான கொள்முதலாக மாறும்போதுதான், கோலார் உழவர் போன்றவர்க்குக் கேழ்வரகை விட்டுவிடாமலிருக்கக் காரணம் கிடைக்கும்.

சிறு உழவர்க்கு இது தடையாகுமா?

என் கருத்துக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. பெரிய நிலக்காரர்கள் பல ஆண்டுகளாக நீரை உறிஞ்சிச் செழித்துவிட்டார்கள். இப்போதுதான் மானியத்தின் உதவியால் சிறு உழவர் இன்னும் ஓர் ஏக்கரைப் பாசனத்துக்குக் கொண்டுவருகிறார். இந்நேரத்தில் கணக்கும் கட்டுப்பாடும் பேசுவது ஏழையின் வாயில் விழும் கவளத்தைத் தட்டிவிடுவதாகாதா என்பது அது. இரண்டு ஏக்கரிலிருந்து நாலரை ஏக்கருக்குப் போன அந்தத் தோட்டத்தை நினைக்கும்போதெல்லாம் இக்கேள்வி என்னையும் உறுத்துகிறது. அவ்வாண்டு அவர் மகளின் கல்லூரிக் கட்டணம் அந்தக் கூடுதல் தக்காளியிலிருந்துதான் வந்தது.

எனினும், நீர்மட்டம் இறங்கும்போது முதலில் வற்றுவது யாருடைய கிணறு என்று பார்க்கவேண்டும். ஆழம் குறைந்த கிணறுடையவர், குறைந்த திறன் மோட்டார் வைத்திருப்பவர், இன்னொரு துளைபோடப் பணமில்லாதவர் ஆகியோரே முதலில் வீழ்கிறார்கள். வசதியுள்ளவர் மேலும் இருநூறு அடி இறங்கிவிடுவார். வரம்பில்லாத போட்டியில் சிறு உழவர் வென்றதாக நான் பணியாற்றிய எந்த ஊரிலும் கண்டதில்லை. ஊரே கூடி வகுக்கும் விதியில்தான் அவருடைய பங்குக்குக் காப்பு இருக்கிறது.

இது நமக்குப் புதிய சிந்தனையும் அன்று. தமிழ்நாட்டின் ஏரிப் பாசனத்தில் நீர்கட்டி என்றொருவர் இருந்தார். ஏரியில் நிற்கும் நீரைப் பார்த்து, இந்தப் பருவத்தில் எந்த மடையை எத்தனை நாள் திறப்பது என்று முறை வைப்பது அவர் வேலை. நீர் குறைந்த ஆண்டில் ஆயக்கட்டு முழுவதும் நடவு நடக்காது; குறைவை எல்லாரும் பகிர்ந்துகொண்டனர். கொங்கு நாட்டில் அண்ணன் தம்பிகளின் பங்குக் கிணற்றிலும் இறைப்பதற்கு முறை உண்டு. கண்ணுக்குத் தெரிந்த நீருக்கு முறை வகுத்த நாம், கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீருக்கு அதை மறந்துவிட்டோம். ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தில் துளையிட்டாலும், பாறையிடுக்குகளின் வழியே பல கிணறுகள் ஒரே நீரைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த வகையில் அவையும் பங்குக் கிணறுகளே.

வங்கியும் வாடிக்கையாளரும்

இறுதியாக, நம் துறையைப் பற்றி. வங்கி கடன் தரும்போது நிலத்தின் பட்டாவைப் பார்க்கிறது, வில்லங்கச் சான்றைப் பார்க்கிறது, பயிரின் வரவுசெலவைப் பார்க்கிறது. அந்த வரவு முழுவதையும் தாங்கி நிற்கும் நீரைப் பற்றி விரிவாகக் கேட்பதில்லை. ஐந்தாண்டுத் தவணையில் கடன் தரும்போது ஐந்தாண்டுக்கு நீர் இருக்குமா என்று கேட்பது உழவரைத் தடுப்பதற்கன்று, அவரைக் காப்பதற்கே. வட்டாரத்தின் நிலத்தடி நீர் நிலவரம் அரசின் அறிக்கையிலேயே இருக்கிறது. கிணற்றின் நீர்மட்டத்தை மூன்று ஆண்டுகளுக்குக் குறித்துவைத்திருக்கும் உழவருக்கும், நீர்க்கணக்கு வைத்திருக்கும் ஊரைச் சேர்ந்தவருக்கும் விரைவான ஒப்புதலோ சிறிய வட்டிச் சலுகையோ தர வங்கிகள் முன்வரலாம். வாராக்கடன் குறைவதால் அச்சலுகையின் செலவு திரும்பிவிடும்.

உழவராக உள்ள வாசகர்கள் அரசையோ வங்கியையோ எதிர்பாராமல் இன்றே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. திறந்த கிணறாயின், முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடாத அதிகாலையில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து நாட்குறிப்பில் எழுதுங்கள். ஆழ்துளைக் கிணறாயின், மோட்டார் தடையின்றி எத்தனை நேரம் முழு நீர் தருகிறது என்பதைக் குறியுங்கள். மழை அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர் விழுகிறது. இரண்டு ஆண்டுகள் எழுதினால் வரவையும் செலவையும் உங்கள் கையெழுத்திலேயே காண்பீர்கள். சொட்டு நீருக்கு மாறும்போது, மிச்சமாகும் நேரத்தில் எவ்வளவுக்குப் பரப்பை விரிக்கலாம், எவ்வளவை நிலத்தடியிலேயே விட்டுவைக்கலாம் என்பதை அந்தக் குறிப்பு சொல்லும்.

கோலார் உழவரின் கடனைப் பின்னர் மறுசீரமைத்தோம். சில ஆண்டுகள் அவர் கேழ்வரகுக்கே திரும்பினார். நல்ல மழை பெய்த ஓர் ஆண்டில் கிணற்றில் சிறிது நீர் ஊறியபோது, ஓர் ஏக்கரில் மட்டும் சொட்டு நீர்க் குழாயை மீண்டும் விரித்ததாக எழுதியிருந்தார். அவருக்கு நான் அளித்த கடன் விண்ணப்பத்தில் நீர்மட்டத்துக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால், இரண்டாம் ஆண்டிலேயே இருவரும் உட்கார்ந்து பேசியிருப்போம். மானிய விண்ணப்பங்களிலும் கடன் விண்ணப்பங்களிலும் அந்தக் கட்டம் இனியேனும் இடம்பெறவேண்டும்.